நிலமும் பொழுதும்: கித்துல்கலத் தேயிலையின் தரவரிசை வரலாறு

தொல்காப்பியர் பொருளிலக்கணம் வகுக்கப் புகுந்தபோது நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அந்நிலத்தில் அப்பொழுதில் தோன்றும் மரமும் உணவும் நீரும் தொழிலும் கருப்பொருள் எனப்பட்டன. அவற்றிடையே வாழும் மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள் எனப்பட்டது. இம்மூன்றும் ஒன்றினொன்று சிறந்தன என்பது அவர் கருத்து. செய்யுளுக்கென எழுந்த இப்பாகுபாடு வாணிக வரலாற்றைக் கற்பார்க்கும் துணைசெய்ய வல்லது. விளைபொருளின் மதிப்பை அது பிறந்த நிலத்தாலும் பொழுதாலும் அளவிடும் வழக்கம் உலக வாணிகத்தில் உண்டு. அவ்வழக்கத்துக்குப் பிரான்சு நாட்டுப் போர்தோ மாகாணத்தின் திராட்சை மது பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. இலங்கையில் அதற்கு நிகராக நிற்பது தேயிலை. சப்பிரகமுவ மாகாணத்தின் கித்துல்கலவில் நின்று நோக்குவார்க்கு அவ்வொப்புமையும் வேற்றுமையும் ஒருங்கே புலப்படும்.

மதுவைப் பற்றிய ஆராய்ச்சி தமிழ் மாணவர்க்குத் தகுமோ என்னும் ஐயம் எழலாம். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயினும், யவனர் மரக்கலங்களிற் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்தியதைப் புறநானூற்றில் நக்கீரர் குறிப்பர். 1945இல் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகள் வெளிப்பட்டன. ஒரு நாட்டின் தேறல் மற்றொரு நாட்டில் பெயர் சொல்லி விலைபெற்ற செய்தி நம் பழைய வரலாற்றின் பகுதியே. அப்பெயர் எவ்வாறு பிறக்கிறது, அதனால் விளையும் பயன் யாரைச் சேர்கிறது என்பனவே ஈண்டு ஆராயத்தக்கன.

போர்தோவின் பட்டியல்

பிரான்சின் தென்மேற்கே கரோன், தோர்தோன் என்னும் இரு நதிகள் கூடி ஜிரோந்து என்னும் கழிமுகமாகி அத்திலாந்திக் கடலிற் கலக்கின்றன. அதன் இடக்கரையிலுள்ள மெதோக் பகுதி பரற்கற்கள் நிறைந்தது. அந்நிலத்தில் நீர் தங்குவதில்லை; பகலில் வெப்பத்தை ஏற்ற கற்கள் இரவில் அதனை வெளியிடும். தாமதித்துப் பழுக்கும் கபர்னே சோவிஞோன் என்னும் கொடி அங்குச் செழிக்கிறது. வலக்கரையிலுள்ள சாந்த் எமிலியோன், பொமரோல் பகுதிகளில் களியும் சுண்ணமும் மிகுதி. ஆங்கு மெர்லோ என்னும் கொடியே முதன்மை பெறுகிறது. முன்னதன் மது துவர்ப்பு மிக்கு நெடுங்காலம் முதிர்வது. பின்னதன் மது மென்மையுடையது. ஒரே மாகாணத்தில் ஆற்றின் இரு கரைகள் இருவேறு சுவைக்கு நிலைக்களமாயின.

1855ஆம் ஆண்டு பாரிசு நகரில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. அதன்பொருட்டு போர்தோ மதுக்களுக்கு ஒரு தரவரிசை வேண்டப்பட, அந்நகரத் தரகர் அதனைத் தொகுத்தளித்தனர். செம்மதுத் தோட்டங்கள் 5 வகுப்புகளாக வகுக்கப்பட்டன. லாபீத், லாத்தூர், மார்கோ, ஓ பிரியோன் என்னும் நான்கும் முதல் வகுப்பில் இடம்பெற்றன. தரகர் மண்ணைத் தோண்டிப் பார்த்தோ கோப்பைதோறும் சுவைத்தோ இம்முடிவுக்கு வந்தாரல்லர். பல்லாண்டுகளாக எத்தோட்டத்தின் மது என்ன விலைக்குப் போயிற்று என்னும் கணக்கே அவர்கட்கு அளவுகோலாயிற்று. எனவே நிலத்தின் பெயரால் வழங்கும் அப்பட்டியல் பிறப்பால் ஒரு விலைப்பட்டியலே.

அப்பட்டியல் பின்னர்க் கல்வெட்டுப் போல் உறைந்துவிட்டது. மூத்தோன் என்னும் தோட்டம் 1973இல் இரண்டாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்கு உயர்த்தப்பட்டதே முதல் வகுப்பில் நேர்ந்த ஒரே மாற்றம். வலக்கரைச் சாந்த் எமிலியோனோ 1955இல் தனக்கெனப் பட்டியல் அமைத்து, அதனை ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்தும் முறையைக் கைக்கொண்டது. திருத்தங்கள் சிலவற்றையொட்டி வழக்குகளும் எழுந்தன. திருத்தாத பட்டியல் பொய்யாகலாம். திருத்தும் பட்டியல் பூசலுக்கு இடமாகலாம். தரவரிசை வகுப்பார் எவரும் எதிர்நோக்கும் இடர் இது.

இரு நோய்கள்

திராட்சையும் தேயிலையும் இன்றைய நிலையை அடைந்தமைக்கு இரு நோய்கள் காரணமாயின. 1860களில் பிரான்சின் தென்பகுதியில் பிலொக்சரா என்னும் நுண்பூச்சி திராட்சை வேர்களைத் தின்னத் தொடங்கியது. 1868இல் பிளான்சோன் முதலிய அறிஞர் அதனைக் கண்டறிந்தனர். சில பத்தாண்டுகளுள் நாடெங்கும் கொடிகள் பட்டன. பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்க வேர்த்தண்டின்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுவதே தீர்வாயிற்று. வேர் மாறியது, பயிரும் தோட்டத்தின் பெயரும் நிலைத்தன.

அதே காலத்தில், 1869இல், இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றியது. இந்நோய்க்கு மாற்றுக் காணப்படவில்லை. சிறிது காலம் சிங்கோனா பயிரிட்டுப் பார்த்த தோட்டக்காரர், இறுதியில் தேயிலையை நாடினர். சுகொத்துலாந்தினரான சேமிசு தெயிலர் 1867இல் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஏறக்குறைய 20 ஏக்கரில் தேயிலையை வாணிக நோக்கில் நட்டிருந்தார். கோப்பி வீழ்ந்தபோது அவருடைய அனுபவமே நாட்டுக்கு வழிகாட்டியது. பிரான்சில் பயிர் பிழைத்தது. இலங்கையில் பயிரே மாறியது. ஆதலின் நூற்றாண்டுகளாகப் பெயர்பெற்ற தோட்டங்கள் இலங்கையில் இருக்க இயலாது. எந்த நிலத்தின் தேயிலை சிறந்தது என்பதைச் சந்தை புதிதாக அறியவேண்டியதாயிற்று.

களனிப் பள்ளத்தாக்கு

கோப்பி மலைநாட்டுப் பயிர். தாழ்நிலத்தின் வெப்பத்தை அது விரும்பாது. தேயிலையோ கடல்மட்டத்துக்கு அண்மையிலும் வளரும், 6,000 அடிக்கு மேலும் வளரும். இவ்வியல்பினால் கோப்பிக் காலத்தில் பெரிதும் கவனிக்கப்படாத களனிப் பள்ளத்தாக்கு 1880களில் தேயிலைக்கெனத் திறக்கப்பட்டது. அவிசாவளை, றுவான்வெல்லை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை, கித்துல்கல ஆகிய ஊர்களைச் சூழ்ந்த காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. 1889இல் சப்பிரகமுவ தனி மாகாணமாக்கப்பட்டது. இரத்தினபுரியும் கேகாலையும் அதன் மாவட்டங்கள். களனிப் பள்ளத்தாக்கின் சிற்றிருப்புப் பாதை 1903 அளவில் எட்டியாந்தோட்டையை எட்டியது. அப்பாதையின் அக்கிளை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அகற்றப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர் விலை உயர்ந்தபோது பள்ளத்தாக்கின் பல தேயிலை மலைகள் இறப்பர்க் காடுகளாயின. ஆயினும் தேயிலை அங்கு அற்றுப்போகவில்லை.

கித்துல்கல என்னும் பெயர் கித்துள் மரத்தையும் பாறையையும் சுட்டும் சிங்களச் சொற்களால் ஆயது. கித்துளைத் தமிழர் கூந்தற்பனை என்பர். அதன் பாளையைச் சீவி வடிக்கும் நீரிலிருந்து கள்ளும் பாணியும் கருப்பட்டியும் செய்தல் அவ்வூரார் வழிவழி அறிந்த தொழில். மசுகெலியா ஓயாவும் கெகெல்கமு ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் இடத்துக்கு அணித்தாய், கொழும்பிலிருந்து அட்டனுக்கு ஏறும் பெருவழியில் ஊர் அமைந்துள்ளது. 1957இல் வெளிவந்த குவாய் நதிப் பாலம் பற்றிய ஆங்கிலத் திரைப்படம் அங்கு எடுக்கப்பட்டமையால் ஊரின் பெயர் உலகெங்கும் பரவியது. தேயிலை வரலாற்றுக்கு முக்கியமானது அப்பெருவழியே. கித்துல்கலவிலிருந்து அது கினிகத்தேனைக்கு ஏறி, வட்டவளை வழியே அட்டனை அடைகிறது. முப்பது மைலுக்குட்பட்ட அப்பயணத்தில் இலங்கைத் தேயிலையின் மூன்று தரங்களையும் வழிப்போக்கன் கண்ணாற் காணலாம்.

உயரமே அளவுகோல்

போர்தோவில் தோட்டத்தின் பெயர் செய்த வேலையை இலங்கையில் உயரம் செய்தது. 2,000 அடிக்குக் கீழ் விளைவது தாழ்நிலத் தேயிலை. 2,000 அடி முதல் 4,000 அடி வரை நடுநிலத் தேயிலை. அதற்கு மேல் உயர்நிலத் தேயிலை. கொழுந்து பதனிடப்படும் ஆலை எவ்வுயரத்தில் உள்ளதோ அதுவே கணக்கிற் கொள்ளப்படும். இதற்கு மேலும் நுவரெலியா, திம்புலை, ஊவா, உடபுசல்லாவை, கண்டி, உருகுணை, சப்பிரகமுவ என ஏழு விளைநிலப் பெயர்கள் வழங்குகின்றன.

உயரம் ஏன் அளவுகோலாயிற்று? உயர ஏற ஏறக் குளிர் மிகும். செடி மெல்ல வளரும். மெல்ல வளர்ந்த கொழுந்தில் நறுமணம் செறியும். நிலத்தோடு பொழுதும் இணைகிறது. சனவரி முதல் மார்ச்சு வரை வறண்ட குளிர்காற்று வீசும்போது திம்புலைத் தேயிலை சிறக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு வறண்டு கீழ்ப்பால் இறங்கும் யூலை முதல் செப்ரெம்பர் வரையான காலத்தில் ஊவாத் தேயிலை சிறக்கும். முதற்பொருள் என்று தொல்காப்பியர் கூறிய நிலமும் பொழுதும் ஈண்டு ரூபாயும் சதமுமாக மாறிவிடுகின்றன.

கித்துல்கலவுக்கு இவ்விரு நலமும் வாய்க்கவில்லை. உயரம் குறைவு. தென்மேற்குப் பருவக்காற்று நேரே வந்து மோதும் சரிவாதலின் மழை மிகுதி, வெப்பமும் மிகுதி. செடி விரைந்து தளிர்க்கும், இலை பெரிதாகும், சாயம் கடுமையாகும். மணத்தைக் குவிக்கும் வறண்ட பருவமோ இல்லை. ஆதலின் நெடுங்காலம் தாழ்நிலத் தேயிலை கலப்புக்கு உதவும் சாயச் சரக்காகவே இலண்டன் வாணிகரால் மதிக்கப்பட்டது.

தரம் என்னும் சொல் தேயிலையில் இரு பொருள்படும். பெக்கோ, ஆரஞ்சு பெக்கோ, புரோக்கன் ஆரஞ்சு பெக்கோ, பன்னிங்சு, தூள் எனவரும் பெயர்கள் பதனிட்ட இலையின் அளவையும் வடிவையும் குறிப்பன. சுவையின் ஏற்றத்தாழ்வைக் குறிப்பனவல்ல. ஆரஞ்சு என்னும் சொல்லைக் கண்டு தோடம்பழ மணத்தைத் தேடுவோர் ஏமாறுவர். சல்லடை பிரித்த அளவுகளே இப்பெயர்கள்.

தாழ்நிலத்தின் உயர்வு

இலண்டனில் ஏலம் நடந்த காலத்தில் பிரித்தானியச் சுவையே உலகச் சுவையாக இருந்தது. கொழும்பில் முதல் ஏலம் 1883 யூலை 30ஆம் நாள் நடைபெற்றதெனினும், இலண்டன் ஏலத்தின் செல்வாக்கு நெடுங்காலம் நீடித்தது. அங்குப் பற்பல தோட்டங்களின் தேயிலையைக் கலந்து பொதிசெய்த வாணிகரின் பெயரே உலகில் நிலைத்தது. தோட்டத்தின் பெயர் கலப்பில் மறைந்தது. போர்தோவிலும் பீப்பாயில் விற்ற மதுவைத் தரகரே புட்டியில் அடைத்த காலம் உண்டு. மூத்தோன் தோட்டத்துப் பிலிப்பு தெ ரோத்சில்து 1924இல் தோட்டத்திலேயே புட்டியில் அடைக்கும் முறையைத் தொடங்கித் தோட்டப் பெயரைக் காத்தார். இலங்கையில் இத்தகைய முயற்சி அரசின் வழி வந்தது. தூய இலங்கைத் தேயிலை இந்நாட்டிலேயே பொதிசெய்யப்பட்டாற்றான் சிங்க முத்திரையைப் பெறலாம் என்னும் விதி அவ்வகையது. 1976இல் தேயிலைச் சபை நிறுவப்பட்டது. இலண்டன் ஏலம் 1998இல் முடிவுற்றது.

இதனிடையே உலகச் சந்தையில் பெருமாற்றம் நிகழ்ந்தது. 1970களில் எண்ணெய் வளத்தால் செல்வம் பெருகிய மேற்காசிய நாடுகள் இலங்கைத் தேயிலையை மிகுதியாக வாங்கலாயின. பாலின்றிச் சர்க்கரையோடு அருந்தும் அந்நாட்டார் கடுஞ்சாயத்தையும், கறுத்து முறுகிய நீண்ட இலையின் தோற்றத்தையும், இளமொட்டுகளின் பொன்னிற நுனிகளையும் விரும்பினர். இவை யாவும் தாழ்நிலத் தேயிலையின் இயல்புகள். விளைவாகத் தாழ்நிலத் தேயிலையின் சராசரி விலை உயர்நிலத்தின் சராசரியை விஞ்சியது. இன்று நாட்டின் தேயிலை விளைவில் பாதிக்கு மேற்பட்டது தாழ்நிலத்தது. 1855ஆம் ஆண்டுப் பட்டியல் போன்றதொன்று இலங்கையில் உறைந்திருந்தால் இவ்வுயர்வு கணக்கில் ஏறியிராது. கொழும்பு ஏலமோ தன் பட்டியலை இடையறாது திருத்தி எழுதுகிறது.

இவ்வுயர்வைச் சந்தை மட்டும் தந்ததெனல் பொருந்தாது. மணத்தை நிலம் தராத இடத்தில் தோற்றத்தைக் கை தந்தாக வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளாது முற்றிய இலையையும் சேர்த்துப் பறித்தால் நுனி கிடையாது. கூடையில் அமுக்கினால் இலை கசங்கிச் சிவக்கும். வாட்டுதல் குறைந்தால் உருட்டும்போது இலை நொறுங்கும். உருட்டுதல் கடுமையானால் நீண்ட இலை தூளாகும். நொதித்தல் மிஞ்சினால் சுவை மழுங்கும். பின்னர் உலர்த்தி, சலித்து, காம்பும் நாரும் நீக்கித் தரம் பிரிக்கவேண்டும். இரத்தினபுரியில் சென் சோக்கிம் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையக் கிளை தாழ்நிலத்துக்கேற்ற செடிவகைகளையும் முறைகளையும் பரப்பியது. ஆயினும் பறிக்கும் விரலும் பதனிடும் கையும் பழகியிராவிடின் எந்நிலையத்தின் அறிவும் பயன்தராது. தாழ்நிலத் தேயிலையின் பெருமை பெரிதும் உழைப்பாற் பிறந்தது.

உரிப்பொருள்

அவ்வுழைப்பாளர் யாவர்? இன்று தாழ்நிலத் தேயிலையின் பெரும்பங்கைச் சிற்றுடைமையாளர் விளைவிக்கின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் சிங்களக் கிராமத்தவர். கொழுந்தை ஆலைக்கு விற்கும் அவர்கட்கு ஏலவிலையோடு இணைந்த விலைச்சூத்திரம் உண்டு. விற்பனைப் பணத்தில் 68 சதவீதம் கொழுந்து தந்தவர்க்கும் 32 சதவீதம் ஆலைக்கும் என்பது அதன் அடிப்படை. நிலத்தின் பெயர் சந்தையில் உயர்ந்தால் அதன் பயனில் ஒரு பகுதி அவர்களை வந்தடையும்.

தோட்டத் தொழிலாளர் நிலை வேறு. தமிழகத்திலிருந்து கங்காணிமாரின் துண்டில் வந்து, களனிப் பள்ளத்தாக்கின் காட்டை வெட்டி, கல் அடுக்கி, கான் வெட்டி, தேயிலையும் இறப்பரும் நட்டவர் அவர்களே. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகட்கும் எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாற்றான் பெரிதும் தீர்ந்தது. இம்மாற்றங்கள் அனைத்தினூடும் தொழிலாளரின் ஊதியம் நாட்கூலியாகவே நின்றது. அக்கூலியை 1,000 ரூபாவாக்கச் சம்பளச் சபை தீர்மானித்தது 2021இலேதான். பின்னர் அது உயர்த்தப்பட்டுள்ளது. கொழுந்தின் விலை ஏலத்தோடு ஏறி இறங்குகிறது. கொழுந்து பறிப்பவர் ஊதியத்துக்கும் ஏலத்துக்குமிடையே அத்தகைய சூத்திரம் ஒன்றும் வகுக்கப்படவில்லை.

பிரான்சிலும் நிலத்தின் பெயர் உழைப்பாளர்க்கு எளிதில் நன்மை தந்துவிடவில்லை. மெதோக்கின் பெருந்தோட்டங்களில் கொடி கவாத்துச் செய்தவர் பெயரை 1855ஆம் ஆண்டுப் பட்டியல் கூறாது. ஆயினும் வடக்கே ஷாம்பேன் மாகாணத்தில் வேறொரு நிகழ்ச்சி நேர்ந்தது. அங்கு வாணிகர் வெளியிடங்களிலிருந்து மலிவாகத் திராட்சை வாங்கிவந்து அம்மாகாணப் பெயரால் மதுச் செய்தமையை எதிர்த்து, 1911இல் சிற்றுடைமைத் திராட்சைக்காரர் கிளர்ந்தெழுந்தனர். எய் என்னும் ஊரில் மதுக் கிடங்குகள் தீக்கிரையாயின. அவ்வன்முறை போற்றத்தக்கதன்று. எனினும், நிலத்தின் பெயர் அந்நிலத்தில் உழைப்பாரின் உடைமையும் ஆகும் என்னும் உணர்ச்சி அதன்கண் வெளிப்பட்டது. விளைநிலப் பெயரைச் சட்டத்தாற் காக்கும் 1935ஆம் ஆண்டு ஏற்பாட்டுக்கு அத்தகைய போராட்டங்களும் வழிகோலின. ஷாம்பேனில் போராடியோர் நிலமுடையோர். களனிப் பள்ளத்தாக்கில் உழைத்தோர் தாம் குடியிருந்த லயத்துக்கும் உரிமையற்றோர். இவ்வேற்றுமையே இரு வரலாறுகளும் பிரியும் இடம்.

மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. ஏலப் பட்டியலில் ஒவ்வோர் ஆலைக்கும் ஒரு விற்பனைக் குறிப்பெயர் உண்டு. அவற்றுட் பல, துரைமார் தம் தாய்நாட்டு ஊர்களை நினைந்து இட்ட ஆங்கிலப் பெயர்கள். தோட்டத்து மக்களோ தம் தோட்டங்களைத் தாம் இட்ட தமிழ்ப் பெயர்களாற் பல இடங்களில் அழைத்தனர். கங்காணியின் பெயர், அருகே நின்ற கோயில், ஆறு, பாறை, மரம் என அவற்றுக்குக் காரணம் பல. வீட்டுப் பேச்சிலும் கடித முகவரியிலும் வழங்கிய அப்பெயர்கள் ஏலப் பட்டியலில் ஏறவில்லை. முதியோர் மறையுந்தோறும் அவையும் மறைகின்றன. ஒரே நிலத்துக்கு விற்பாரிட்ட பெயர் ஒன்றும் உழைப்பாரிட்ட பெயர் ஒன்றுமாக இரண்டு வழங்கியமை, அந்நிலத்தின் வரலாறும் இரண்டாக எழுதப்படவேண்டியது என்பதற்குச் சான்று. முதலாவது ஏலக் கணக்குகளில் எழுதப்பட்டுவிட்டது. இரண்டாவதை எழுதுதல் களனிப் பள்ளத்தாக்கிலிருந்து கல்லூரிகட்கு வரும் மாணவர் தம் பாட்டன் பாட்டியரிடம் கேட்டுச் செய்யத்தக்க பணி.

நிலத்தையும் பொழுதையும் கணக்கிட்டு விலைகூறும் கலையில் போர்தோவும் கொழும்பும் தேர்ச்சி பெற்றுள்ளன. கருப்பொருளாகிய மதுவையும் தேயிலையையும் நாவில் வைத்து நுட்பமாகப் பகுத்துரைப்போர் இரு நகரங்களிலும் உளர். தொல்காப்பியர் இறுதியில் வைத்துச் சிறப்பித்த உரிப்பொருளையும் அக்கணக்கில் ஏற்றும் நாளிலேதான் கித்துல்கலத் தேயிலையின் தரவரிசை முழுமைபெறும்.